குளிர்காலம் முடிந்து தோட்டத்தில் இறங்கும் அம்மாவுக்கு: எது உண்மையில் நன்மை, நாரி எதனால் பிடிக்கிறது

கேள்வி: நாங்கள் ஸ்காபரோவில் இருக்கிறோம். அம்மாவுக்கு 66 வயது. சலரோகத்துக்கும் பிரஷருக்கும் குளிசை எடுக்கிறார், முழங்கால் நோவும் இருக்கிறது. நவம்பரிலிருந்து வீட்டுக்குள்ளேயே அடைந்து கிடந்து சோர்ந்துபோனார். இந்த வசந்தத்தில் பின்வளவில் தோட்டம் போடப்போகிறேன் என்று நிற்கிறார். இது உண்மையிலேயே உடம்புக்கு நல்லதா, இல்லை முழங்காலையும் நாரியையும் கெடுத்துக்கொண்டு வந்து படுப்பாரா?

பதில்:

இரண்டும் நடக்கக்கூடியதுதான். வேலையை எத்தனை நாளுக்குப் பிரித்துச் செய்கிறார் என்பதைப் பொறுத்து ஒன்று நடக்கும். ரொறொன்ரோப் பக்கம் வழக்கமாக நடப்பது என்னவென்றால், ஐந்து மாதம் சோபாவில் இருந்துவிட்டு, மே மாதத்து விக்ரோறியா தின நீண்ட வாரஇறுதியில் ஒரே மூச்சில் மண் கொத்தி, பத்து மண்பை தூக்கி, கன்றெல்லாம் நட்டு முடிப்பார்கள். செவ்வாய்க்கிழமை காலையில் கட்டிலை விட்டு எழும்ப முடியாது. அம்மா அப்படிச் செய்யாமல் பார்த்துக்கொண்டால் இந்த வயதில் அவருக்கு இதைவிட ஏற்ற உடற்பயிற்சி அதிகம் இல்லை.

முதலில் நன்மையைக் கணக்காகப் பார்ப்போம். சும்மா இருக்கும்போது உடல் செலவழிக்கும் சக்தியை 1 என்று வைத்தால், பொதுவான தோட்டவேலை ஏறக்குறைய 4, மண் கொத்துவது 5. வேகமாக நடப்பதும் 4 அளவில்தான் வரும். பெரியவர்களுக்கு வாரத்துக்கு 150 நிமிட நடுத்தர உடலுழைப்பு வேண்டும் என்று கனடாவின் வழிகாட்டல் சொல்கிறது. நாளுக்கு 30 நிமிடம், வாரத்தில் ஐந்து நாள் புல் பிடுங்கி, கொத்தி, நட்டால் அந்தக் கணக்கு நிறைந்துவிடும். ஆனால் நின்றுகொண்டு குழாயால் தண்ணீர் விடுவது 1.5 தான். பலர் அதையே "ஒரு மணித்தியாலம் தோட்டம் செய்தேன்" என்று சொல்வார்கள். அதை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

அமெரிக்காவின் டென்வர் பகுதியில், முந்திய இரண்டு வருடத்தில் தோட்டம் செய்யாத 291 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பகுதியினருக்குச் சமூகத் தோட்டத்தில் நிலம் கொடுத்து, மற்றவர்களைக் காத்திருக்க வைத்து ஒரு ஆய்வு செய்தார்கள். 2023இல் முடிவு வந்தது. தோட்டம் செய்தவர்கள் மற்றவர்களைவிட நாளுக்கு 1.4 கிராம் நார்ச்சத்துக் கூடுதலாகச் சாப்பிட்டார்கள், வாரத்துக்குச் சுமார் 40 நிமிடம் கூடுதலாக உடலை அசைத்தார்கள், மன அழுத்தமும் பதற்றமும் அவர்களுக்குக் குறைந்தன. உடல் எடையிலும் இடுப்புச் சுற்றளவிலும் குறிப்பிடத்தக்க மாற்றம் வரவில்லை. ஆகவே "தோட்டம் செய்தால் மெலியலாம்" என்ற எதிர்பார்ப்போடு அம்மா இறங்கினால் ஓகஸ்டில் ஏமாந்துபோவார். அவருக்குக் கிடைக்கக்கூடியது கால்பலம், தள்ளாடாத நடை, நல்ல நித்திரை, கொஞ்சம் கட்டுப்பட்ட சீனி அளவு, முகத்தில் ஒரு தெளிவு.

அந்த முகத்தெளிவைப் பற்றி நெதர்லாந்தில் 2011இல் வெளியான ஒரு சிறிய ஆய்வு உண்டு. தோட்டநிலம் வைத்திருந்த 30 பேருக்கு மனதை அழுத்தும் ஒரு வேலையைக் கொடுத்துவிட்டு, பாதிப்பேரை அரை மணித்தியாலம் தங்கள் நிலத்தில் வேலை செய்யவிட்டார்கள், மீதிப்பேரை உள்ளே இருந்து வாசிக்கவிட்டார்கள். அழுத்தத்தில் ஏறும் ஹோர்மோனான கோர்ட்டிசோல் இரு பகுதியிலும் குறைந்தது, தோட்டத்தில் நின்றவர்களிடம் கூடுதலாகக் குறைந்தது. அவர்களுக்குத்தான் மனநிலையும் பழையபடி முழுதாகத் திரும்பியது. முப்பது பேர் என்பது சின்ன எண்ணிக்கை, ஆனால் திசை தெளிவாக இருக்கிறது.

வட்ஸ்அப்பில் சுற்றும் "மண்ணில் இருக்கும் பக்டீரியா மனச்சோர்வை மாற்றும்" என்ற செய்தியை மட்டும் அளவோடு எடுங்கள். மைக்கோபக்டீரியம் வக்கே என்ற மண் நுண்ணுயிரை எலிகளுக்குச் செலுத்தி 2007இல் செய்த பரிசோதனையிலிருந்து அது கிளம்பியது. மண்ணில் கை வைத்த மனிதருக்கு அதே பலன் கிடைக்கும் என்று அது காட்டவில்லை. மனம் தெளிவதற்கு வெளிச்சம், அசைவு, அடுத்த வீட்டுக்காரரோடு வேலிக்கு மேலாகப் பேசும் நாலு வார்த்தை ஆகியவையே போதுமான காரணங்கள்.

வெளிச்சம் இங்கே பெரிய விஷயம். டிசம்பர் பிற்பகுதியில் ரொறொன்ரோவில் பகல் ஒன்பது மணித்தியாலம்கூட முழுதாக இல்லை. ஏப்ரல் நடுப்பகுதியில் பதின்மூன்றைத் தாண்டும், ஜூனில் பதினைந்தரைக்குக் கிட்ட வரும். லக்ஸ் என்ற வெளிச்ச அலகில் அளந்தால், வீட்டுக்குள் மின்குமிழ் வெளிச்சம் சில நூறு லக்ஸ். மேகம் மூடிய பகலில்கூட வெளியே பல ஆயிரம் லக்ஸ் இருக்கும். காலையில் அந்த வெளிச்சம் கண்ணில் படுவதுதான் உடம்பின் கடிகாரத்தைத் திருத்துகிறது. குளிர்காலத்தில் இரவு இரண்டு மணிக்கு முழித்திருந்து பகலில் தூங்கிவழியும் பெரியவர்களுக்கு, காலை ஒன்பது பத்து மணிக்கு அரை மணித்தியாலம் வெளியே நிற்பதால் வரும் மாற்றம் ஓரிரு வாரத்தில் தெரியும்.

விற்றமின் டி கதை வேறு. ரொறொன்ரோ இருக்கும் அட்சரேகையில் நவம்பர் முதல் பெப்ரவரி வரை வெயிலில் நின்றாலும் தோல் அதைச் செய்யாது. வசந்தத்தில் செய்யத் தொடங்கும், ஆனால் நம் தோல் நிறத்துக்கு வெள்ளையரைவிடக் கூடிய நேரம் வேண்டும். அம்மா முழுக்கைச் சட்டையும் தொப்பியும் போட்டால் இன்னும் குறையும். எனவே விற்றமின் டி குளிசை எடுக்கிறார் என்றால் தோட்டத்தை நம்பி அதை நிறுத்த வேண்டாம். 70 வயது வரை நாளுக்கு 600 அலகு, அதன் பிறகு 800 அலகு, உணவும் குளிசையும் சேர்த்து. புறஊதாச் சுட்டெண் 3 அல்லது அதற்கு மேல் என்று வானிலைச் செய்தி சொன்னால் தொப்பியும் சன்ஸ்கிரீனும் அவசியம்.

இனி நேர அட்டவணை. நாற்றை வெளியே கொண்டுபோகும்போது என்ன செய்கிறோம்? முதல் நாள் நிழலில் ஒரு மணித்தியாலம், அடுத்த நாள் இரண்டு, பிறகு கொஞ்சம் வெயில், ஏழு முதல் பத்து நாளில்தான் முழு நாள். ஆளையும் அதே மாதிரிப் பழக்க வேண்டும்.

மார்ச்சில் வீட்டுக்குள் தொடங்குங்கள். மிளகாயும் கத்தரியும் வெளியே நடுவதற்கு எட்டு முதல் பத்து வாரம் முன்பே விதைக்க வேண்டியவை, அதாவது மார்ச் நடுப்பகுதிக்குள். தக்காளிக்கு ஆறு எட்டு வாரம் போதும். நாற்றுத் தட்டில் ஈரமான விதைப்பு மண்ணை நிரப்பி, அரைச் சென்ரிமீற்றர் ஆழத்தில் விதையை வைத்து, மேலே ஒரு பிளாஸ்ரிக் மூடி. மிளகாய் முளைக்க 25 பாகைக்கு மேல் சூடு வேண்டும். யன்னல் ஓரம் இரவில் குளிரும் என்பதால் முளைக்கும்வரை பிரிட்ஜுக்கு மேலே வைப்பது நல்லது. முளைத்த அன்றே வெளிச்சத்துக்கு மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் நூல் மாதிரி நீண்டு விழுந்துவிடும். இது மேசையில் இருந்து செய்யும் வேலை, விரல்களுக்கும் கண்ணுக்கும் பயிற்சி. தினமும் இரண்டு தடவை எழும்பிப் போய்ப் பார்ப்பதும் ஒரு நடைதான். மார்ச் தவறிவிட்டால் கவலை இல்லை, மே மாதத்தில் கன்று வாங்கலாம்.

அதே நாட்களில் வீட்டுக்குள் ஒரு பயிற்சி சேருங்கள்: சாப்பாட்டு மேசைக் கதிரையில் இருந்து கையை ஊன்றாமல் எழும்பி இருப்பது, பத்துத் தடவை, காலையும் மாலையும். தோட்டத்தில் குந்தி எழும்பப் பயன்படும் அதே தசைகளுக்குத்தான் இது. முழங்கால் நோ உள்ளவர்களுக்கு மூட்டைத் தாங்குவது தொடையின் முன்தசை. அது மெலிந்தால் நோ கூடும்.

ஏப்ரலில் வெளியே போகலாம், ஆனால் கொத்துவதற்கு அல்ல. முதல் இரண்டு வாரம் 10 முதல் 15 நிமிடம்: காய்ந்த தண்டு வெட்டுவது, இலை கூட்டுவது. கொத்துவதற்கு முன் மண்ணைக் கேளுங்கள். பத்துச் சென்ரிமீற்றர் ஆழத்திலிருந்து ஒரு பிடி எடுத்து இறுக்கிப் பிடித்து, பெருவிரலால் தட்டிப் பாருங்கள். உதிர்ந்தால் மண் தயார். களிமண் உருண்டை மாதிரி ஒட்டி நின்றால், விரலில் பளபளவென்று பூசினால், இன்னும் ஒரு வாரம் விடுங்கள். ஸ்காபரோ, மார்க்கம் வளவுகளில் களிமண் அதிகம். ஈரக் களியைக் கொத்தினால் மண் கட்டிபட்டு அந்த வருடம் முழுக்கக் கல்லாகிக் கிடக்கும். ஈரமண் எடையும் கூட என்பதால் நாரியும் போகும். இந்தப் பொறுமை மண்ணையும் ஆளையும் சேர்த்துக் காப்பாற்றும்.

ஏப்ரல் கடைசியில் 20 நிமிடத்துக்கு ஏற்றி, குளிர் தாங்கும் முள்ளங்கி, கொத்தமல்லி, வெந்தயக்கீரை விதைக்கலாம். மே முதல் பாதியில் 30 நிமிடம். கடைசி உறைபனி மே நடுப்பகுதிவரை வரக்கூடும் என்பதால் மிளகாய், கத்தரி, தக்காளிக் கன்றுகளை விக்ரோறியா தினத்துக்கு முன் வெளியே நடாதீர்கள். மே 18க்கும் 24க்கும் இடையில் வரும் திங்கட்கிழமை அது. பாவல், புடோல், வெண்டி, முளைக்கீரை எல்லாம் சூடான மண் கேட்பவை, ஜூன் முதல் வாரம்வரை பொறுத்தாலும் நட்டமில்லை. அவசரப்பட்டு நட்ட வெண்டி இலை மஞ்சளாகி அப்படியே நிற்கும், பின்னால் நட்டது அதைத் தாண்டி வளரும்.

நாரி ஏன் பிடிக்கிறது என்று விளங்கினால் தவிர்ப்பது சுலபம். இரவு படுத்திருக்கும்போது முள்ளந்தண்டின் இடைத்தட்டுகள் நீரேறி வீங்கி இறுகியிருக்கும். எழும்பிய முதல் ஒரு மணித்தியாலத்தில் குனிந்தால் அவற்றில் அழுத்தம் கூட. ஆகவே எழும்பித் தேத்தண்ணி குடித்து, வீட்டுக்குள் நடமாடிய பிறகுதான் தோட்டம். அடுத்தது, பாரத்தோடு உடம்பைத் திருப்புவது. மண்ணை அள்ளிக் கால் அசையாமல் இடுப்பைத் திருப்பி வீசும் அந்த அசைவு நாரிப்பிடிப்புக்கு ஒரு முக்கிய காரணம். கால் பெயர்த்துத் திரும்ப வேண்டும், சவளில் பாதி மண்தான் எடுக்க வேண்டும். 25 லீற்றர் மண்பை ஈரமாக இருந்தால் 15 கிலோவைத் தாண்டும். அதை நீங்கள் இறக்கிக் கொடுங்கள், அம்மா வாளியில் கொஞ்சம் கொஞ்சமாக எடுக்கட்டும். பத்து லீற்றர் பூவாளி நிரம்பினால் பத்துக் கிலோவுக்கு மேல், ஒரு கையில். ஐந்து லீற்றர் பூவாளி இரண்டு வாங்கி இரு கையிலும் பாதி பாதி கொண்டுபோனால் முதுகு ஒரு பக்கம் சாயாது.

முழங்காலுக்கு: குந்த வேண்டாம். கைபிடி உள்ள முழங்கால் மெத்தை தோட்டக் கடைகளில் உண்டு, கவிழ்த்தால் முக்காலியாகும். கைபிடியை ஊன்றி எழும்பலாம். ஒரே வேலையை 15 நிமிடத்துக்கு மேல் செய்யாமல் மாற்றுங்கள். அன்றிரவு கொஞ்சம் உளைந்து, காலையில் சரியாகிவிட்டால் அளவு சரி. மறுநாளும் நோ குறையாமல் இருந்தால் அடுத்த முறை நேரத்தைப் பாதியாக்குங்கள், முழுதாக நிறுத்த வேண்டாம். மூட்டுத் தேய்வுக்கு ஓய்வைவிட அளவான அசைவு நல்லது.

காசு செலவழிக்க முடியுமானால் உயர்த்திய பாத்தி கட்டிக்கொடுங்கள். முக்காலியில் இருந்து வேலை செய்ய 60 முதல் 75 சென்ரிமீற்றர் உயரம். இரு பக்கத்தாலும் எட்டுமானால் அகலம் 1.2 மீற்றர், சுவரோடு ஒட்டியது என்றால் 60 சென்ரிமீற்றர். பழைய டெக்கிலிருந்து கழற்றிய மரத்தைப் பாவிக்காதீர்கள். 2004க்கு முந்திய பதப்படுத்திய மரத்தில் பெரும்பாலும் ஆர்செனிக் ஏற்றியிருந்தார்கள். பழைய வீடு என்றால் சுவரோரத்து மண்ணில் பெயின்ற் ஈயம் இருக்கக்கூடும், அங்கே கீரையும் கிழங்கும் போடாமல் பூச்செடி வையுங்கள்.

இனி அம்மாவின் மருந்துகள். சீனியைக் குறைக்க நல்ல நேரம் சாப்பிட்டு அரை மணித்தியாலம் கழித்து: வேலை செய்யும் தசை இரத்தத்திலிருந்து குளுக்கோஸை நேரே எடுக்கும், மத்தியானச் சோற்றுக்குப் பிறகு ஏறும் உச்சம் தணியும். மெற்போமின் மட்டும் எடுப்பவருக்குச் சீனி மிகக் குறைவது அரிது. இன்சுலினோ கிளிக்கிளசைட் போன்ற குளிசையோ எடுத்தால், இறங்குமுன் விரலில் குத்திப் பாருங்கள். 5.5 mmol/Lக்குக் கீழே இருந்தால் ஒரு சின்ன வாழைப்பழம் சாப்பிட்டுவிட்டுப் போகட்டும். கை நடுக்கம், வியர்வை, தலைக் கிறுகிறுப்பு வந்தால் மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, 15 நிமிடம் கழித்துத் திரும்பப் பார்க்க வேண்டும். சட்டைப்பையில் கைத்தொலைபேசி இருக்கட்டும்.

பிரஷர்க் குளிசை, குறிப்பாகச் சிறுநீர் போக்கும் குளிசை எடுப்பவர் குனிந்திருந்து சடாரென்று நிமிர்ந்தால் தலை சுற்றும். முக்காலியில் அரை நிமிடம் இருந்து, பிறகு எழும்பட்டும். நெஞ்சு இறுகினாலோ மூச்சு வாங்கினாலோ வேலை அத்தோடு முடிந்தது. வழமையான களைப்பு என்று அதைத் தள்ளிவிட வேண்டாம், உடனே 911.

செருப்போடு தோட்டத்துக்குப் போவது நம்மவர் பழக்கம். சலரோகக்காரருக்கு அது கூடாது. பாதத்தில் உணர்வு மங்கியிருந்தால் ஆணியோ முள்ளோ ஏறியதே தெரியாமல் புண்ணாகிவிடும். மூடிய சப்பாத்து, சொக்ஸ், போடுமுன் சப்பாத்தைக் கவிழ்த்துத் தட்டுவது, திரும்பி வந்து பாதத்தைப் பார்ப்பது. கடைசியாக ரெற்றனஸ் ஊசி போட்டுப் பத்து வருடம் கடந்திருந்தால் குடும்ப டொக்டரிடம் கேளுங்கள், ஒன்ராறியோவில் இலவசம்.

ரூஜ் பள்ளத்தாக்குப் பக்கம் வீடு இருந்தால் கருங்கால் உண்ணியைக் கவனிக்க வேண்டும், லைம் நோயைக் காவுவது அது. வெப்பம் 4 பாகையைத் தாண்டினாலே நடமாடத் தொடங்கும். காற்சட்டையைச் சொக்ஸுக்குள் விட்டு, வெளிர்நிற உடுப்புப் போட்டு, உள்ளே வந்ததும் முழங்கால் மடிப்பு, கக்கம், தலைமயிரோரம் பாருங்கள். ஒட்டியிருந்தால் கூரிய இடுக்கியால் தோலோடு ஒட்டப் பிடித்து நேரே மேலே இழுங்கள். எண்ணெய் பூசுவது, நெருப்பு வைப்பது எல்லாம் கேடு. ஒன்ராறியோவில் 2023 முதல் மருந்தகத்திலேயே இதற்குத் தடுப்பு மருந்து எழுதித் தருவார்கள், ஆனால் உண்ணியை எடுத்து 72 மணித்தியாலத்துக்குள் போக வேண்டும். சாடி மண் பையை முகத்துக்கு நேரே கிழிக்காதீர்கள். அதில் லெஜியோனெல்லா வகைக் கிருமி இருக்கக்கூடும், தூசியோடு மூச்சில் போனால் நிமோனியா வரலாம். தள்ளி வைத்து வெட்டி, தண்ணீர் தெளித்துவிட்டு அள்ளுங்கள், கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். மூக்கொழுகல், கண்கடி ஏப்ரல் மே மாதங்களில் வந்தால் அது பெரும்பாலும் மரங்களின் மகரந்தம். மழை பெய்து விட்ட பிறகு வேலை செய்வதும், உள்ளே வந்ததும் உடுப்பு மாற்றித் தலை கழுவுவதும் உதவும்.

விளைந்ததைச் சாப்பிடுவதிலும் ஒரு எச்சரிக்கை. இரத்தம் உறையாமல் இருக்க வார்பரின் எடுப்பவர் திடீரென்று தினமும் கீரை சாப்பிடத் தொடங்கினால் விற்றமின் கே ஏறி மருந்தின் வேலை குறையும். சாப்பிடலாம், ஆனால் வாரா வாரம் ஒரே அளவில், டொக்டருக்குச் சொல்லிவிட்டு. சிறுநீரகப் பாதிப்பு இருந்தால் கீரை, தக்காளியில் உள்ள பொட்டாசியத்தைப் பற்றி முதலில் கேளுங்கள். பாவற்காய் காய்த்துத் தள்ளுகிறது என்பதற்காகச் சலரோகக் குளிசையைத் தானாகக் குறைப்பவர்கள் இருக்கிறார்கள், அம்மாவை அதற்கு விடாதீர்கள்.

இதை வாசிப்பவர்களில் கொண்டோவில் இருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை: தெற்கு அல்லது மேற்குப் பார்த்த பல்கனியில் 20 லீற்றர் வாளி மூன்று போதும். அடியில் நாலைந்து துளை போட்டு, ஒன்றில் மிளகாய், ஒன்றில் கத்தரி, ஒன்றில் வெந்தயக்கீரை. வாளிகளைத் தரையில் வைக்காமல் பலமான பெஞ்சில் வைத்தால் குனியத் தேவையில்லை. குளிர்காலம் முழுக்க உள்ளே நின்ற கறிவேப்பிலைச் சாடியைச் சில்லுப் பலகையில் ஏற்றி வையுங்கள். இரவு வெப்பம் 10 பாகைக்குக் கீழே போகாத நாளில், தூக்காமல் உருட்டியே வெளியே விடலாம்.